கறுத்த கறி, கடினக் கறி: மாட்டின் இனமும் அறுப்புக்கு முந்தைய அலைக்கழிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலத்தில் நெடுநாள் எனக்குப் பொழுது விடிந்தது இறைச்சிக்கூடத்தில்தான். உள்ளே வரும் மாட்டை உயிரோடு ஒருமுறை பார்க்க வேண்டும். அறுத்தபின் ஈரல், நுரையீரல், நிணநீர்ச் சுரப்பி எல்லாம் கீறிப் பார்த்து முத்திரை வைக்க வேண்டும். அந்த வாசலில் கறிக்கடைக்காரர்களும், மாடு ஏற்றி வந்த டிரைவர்களும், விற்க வந்த விவசாயிகளும் கேட்ட கேள்விகள் இவை. ஊருக்கு வந்தபின் அக்கம்பக்கத்தில் கறி வாங்கிச் சமைப்பவர்கள் கேட்டவையும் சில உண்டு. கறி சரியில்லை என்றால் எல்லோரும் முதலில் பழிபோடுவது இனத்தின் மேல்: "அந்த மாடே அப்படித்தான்." நான் பார்த்த வரையில் பாதிக்கு மேற்பட்ட நேரம் குற்றம் மாட்டில் இல்லை, அதைக் கொண்டுவந்த விதத்தில் இருந்தது.

நேற்றுக் காலையில் வாங்கிய கறி இன்றும் கருஞ்சிவப்பாகவே இருக்கிறது, கையில் ஒட்டுகிறது. பழைய கறியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பழைய கறி என்றால் வழவழக்கும், வாடை காட்டிக் கொடுத்துவிடும். நீங்கள் சொல்வது வேறு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அறுத்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எந்த மாட்டின் கறியும் சற்றுக் கறுத்துத்தான் இருக்கும், கத்தியில் அப்பத்தான் செய்யும். அது இயல்பு. நேரம் போகப் போக நிறம் தெளிய வேண்டும். குளிர் அறையில் ஒரு ராத்திரி தொங்கிய இரண்டு மாட்டுத் தொடைகளை மறுநாள் காலையில் பக்கத்தில் பக்கத்தில் வெட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்றை வெட்டி அரை மணி நேரம் காற்றில் வைத்தால் செம்பருத்திப் பூ மாதிரி மலர்ந்து சிவக்கும், வெட்டுவாயில் மெல்ல ஈரம் கசியும். மற்றது நாவல்பழத் தோல் நிறத்திலேயே நிற்கும். அதில் ஈரம் வெளியே வராது. விரலால் அமுக்கினால் கெட்டியாக எதிர்த்து நிற்கும், கத்தியை இழுத்தால் பசை மாதிரி கூடவே வரும். இரண்டும் ஒரே இரவில் அறுத்தவை. இரண்டாவதுதான் நீங்கள் வாங்கியது. இறைச்சித் தொழிலில் இதைக் கறுத்த, விறைத்த, வறண்ட கறி என்பார்கள். இங்கே சுருக்கமாகக் கறுத்த கறி என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

அது ஏன் அப்படி ஆகிறது?

மாட்டின் தசைக்குள் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. நன்றாகத் தின்று நிம்மதியாக இருக்கும் மாட்டில் அது தசையின் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் இருக்கும். உயிர் போனபின்னும் தசை சில மணி நேரம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ரத்த ஓட்டம் நின்றதால் ஆக்சிஜன் வராது. ஆக்சிஜன் இல்லாமல் அந்தச் சர்க்கரையை எரிக்கும்போது லாக்டிக் அமிலம் உண்டாகும். அதை எடுத்துப்போக ரத்தம் இல்லாததால் அமிலம் தசையிலேயே தங்கிவிடும். புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பிஎச் என்று பெயர், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். உயிரோடு இருக்கையில் 7க்கு அருகில் இருந்த பிஎச் அளவு ஒரு நாளுக்குள் 5.5 பக்கம் இறங்கும். நல்ல கறிக்கு இந்த மெல்லிய புளிப்பு வேண்டும். நிறம் திறப்பதும், கிருமி சட்டென்று பெருகாமல் இருப்பதும், சமைத்தால் கறிக்குரிய மணம் வருவதும் இதனால்தான். தோசை மாவு புளித்தால்தான் தோசை என்பது போல.

சேமிப்பை மாடு உயிரோடு இருக்கும்போதே தீர்த்துவிட்டால்? ராத்திரி முழுக்க லாரியில் காலூன்றி நின்று, பட்டினி கிடந்து, தெரியாத மாடுகளோடு முட்டிக்கொண்டு, பயத்தில் நடுங்கி வந்து சேர்ந்த மாட்டின் தசையில் எரிக்கச் சர்க்கரை மிச்சம் இருக்காது. அமிலம் உண்டாகாது. பிஎச் 6க்கு மேலேயே நின்றுவிடும். அப்போது தசைநார்கள் நீரை இறுகப் பிடித்துக்கொண்டு உப்பி நிற்கும். மேலே விழும் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போய்விடும். தசைக்குள் இன்னும் உயிர்த்துடிப்பாக இருக்கும் பகுதிகள் மேற்பரப்பில் படும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதனால் கறியின் நிறமியான மயோகுளோபின் சிவக்க வழியில்லாமல் ஊதாக் கறுப்பாகவே நிற்கும்.

கறுப்பாக இருந்தால் என்ன? ருசியில் தெரியுமா?

தெரியும், ஆனால் ஒரே மாதிரி தெரியாது. பிஎச் 5.8க்கும் 6.2க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கறிதான் மென்றால் இறங்காத கறி. அதற்கும் மேலே போனால் கறி மறுபடி மிருதுவாகும், ஆனால் சப்பென்று இருக்கும். வெந்தும் நடுவில் வேகாதது போல இளஞ்சிவப்பாக நிற்கும். அதைப் பார்த்து, வேகவில்லை என்று மறுபடி மறுபடி அடுப்பில் வைத்தவர்கள் உண்டு.

எனக்குக் கவலை ருசியைவிடக் கெடுவதில்தான். அமிலம் இல்லாத கறியில் கிருமிக்கு அணையே இல்லை. கிருமிகள் முதலில் தின்பது சர்க்கரையை. அது இல்லாவிட்டால் நேராகப் புரதத்தில் வாய் வைக்கும், நாற்றம் சீக்கிரம் வந்துவிடும். நல்ல கறி தாங்கும் நேரத்தை இது தாங்காது. காற்றில்லாப் பையில் அடைத்தால் பச்சை படர்வதும் உண்டு. காலையில் வாங்கி மாலை வரை வெளியே வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதற்கு இந்தக் கறி கொஞ்சமும் ஆகாது.

அப்படியானால் வந்த மாட்டை ஒரு நாள் நிறுத்தித் தீனி போட்டால் சரியாகிவிடாதா?

இதை எல்லோரும் கேட்பார்கள். மனிதன் ஓடிக் களைத்து, வயிறாரச் சோறு தின்றால் மறுநாளே தசைச் சர்க்கரை பெரும்பாலும் நிரம்பிவிடும். மாட்டுக்கு அப்படி இல்லை. மாடு தின்பதை வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் புளிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. சர்க்கரையாக நேரே ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். அந்த அமிலத்திலிருந்து ஈரல் சர்க்கரை செய்து தசைக்கு அனுப்ப வேண்டும். தீர்ந்த சேமிப்பு நிரம்பப் பல நாள் ஆகும், சில மாடுகளுக்கு ஒரு வாரமும் போதாது. அதுவும் நல்ல தீனியும் நிம்மதியும் இருந்தால்.

ஓய்வு வேண்டும்தான். தண்ணீர் கட்டாயம் வேண்டும். மூச்சிரைப்பு அடங்கும், உடம்புச் சூடு தணியும், தோலுரிக்க வசதியாக இருக்கும். ஆனால் இரவில் தொலைந்த சர்க்கரையை ஒரு பகலில் மீட்க முடியாது. புது இடம், புது மாடுகள், புது வாடைக்கு நடுவில் கட்டிப்போட்டால் ஓய்வே இன்னொரு தொந்தரவாகவும் ஆகும்.

சரி, இனத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் கறித் தரம் பார்ப்பவர்கள் திமிலை அளக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1990களின் இறுதியில் அங்கே மீட் ஸ்டாண்டர்ட்ஸ் ஆஸ்திரேலியா என்ற தர முறை வந்தது. கறியைப் பார்த்து எடைபோட்டு "இது முதல் தரம்" என்று சொல்லும் பழைய வழியை விட்டுவிட்டு, சாதாரணமாகக் கறி சாப்பிடும் மக்களைக் கூட்டிவைத்துச் சமைத்துப் போட்டு மதிப்பெண் வாங்கினார்கள். இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சாப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைக்கும் காரணங்களில் ஒன்று திமிலின் உயரம். அறுத்த உடலில் திமில் எவ்வளவு மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். அந்த மாட்டில் இந்திய வகை ரத்தம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு அது கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம்.

ஏன் அளக்க வேண்டும்? அறுத்தபின் குளிரில் தொங்கும் கறி நாளாக நாளாகத் தானே மிருதுவாகும். தசைக்குள் இருக்கும் கால்பெய்ன் என்ற நொதி நார்களை அங்கங்கே அறுத்துவிடுவதுதான் காரணம். அந்த நொதியைப் பிடித்து நிறுத்தும் இன்னொரு புரதம் கால்பாஸ்டாட்டின். திமில் உள்ள மாடுகளில் இந்தத் தடைப்புரதம் அதிகம். அதனால் இரண்டு வாரம் தொங்கவிட்டாலும் ஐரோப்பிய மாட்டின் கறி இளகும் அளவுக்கு இது இளகாது. இந்திய ரத்தம் கூடக் கூடக் கறி கடினமாவதை அமெரிக்காவில் பல ஆண்டுகள் கலப்பின மாடுகளை வளர்த்துப் பார்த்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நம் மாட்டைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். இல்லை. வெயிலும் உண்ணியும் காய்ந்த புல்லும் தாங்குவதற்கு உருவான உடம்பு அது, தட்டில் மிருதுவாக விழுவதற்கு யாரும் அதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கவில்லை. இந்தக் குறைக்குக் கைமருந்தும் உண்டு. உடலைக் குதிகால் நரம்பில் கொக்கி போட்டுத் தொங்கவிடுவதற்குப் பதிலாக இடுப்பெலும்பில் கொக்கி போட்டால் முதுகுத்தசையும் தொடைத்தசையும் இழுபட்ட நிலையில் விறைக்கும். திமில் மாட்டுக்கும் மற்ற மாட்டுக்கும் உள்ள இடைவெளி அதிலேயே நன்றாகக் குறைந்துவிடும். கொக்கி மாட்டும் இடத்தை மாற்றுவதுதான் செலவு.

பிரம்மன் மாடு என்கிறார்களே, அது நம்ம ஊர் மாடா?

வேர் இங்கே, மரம் அங்கே. கிர், காங்க்ரேஜ், ஓங்கோல் முதலான மாடுகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கலந்து உருவாக்கிய இனம் பிரம்மன். 1933இல் அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய், வட பகுதியின் வெயிலிலும் உண்ணியிலும் நிலைத்தது. ஓங்கோல் மாடு பிரேசிலுக்குப் போய் நெல்லூர்ப் பெயரிலேயே நெலோரே ஆனது. இன்று அந்த நாட்டுக் கறிமாடுகளில் பெரும்பகுதி அதன் வழிவந்தவை. பிரேசில்காரர்கள் திமிலை அளந்து மதிப்பெண் குறைப்பதோடு நிற்கவில்லை. அதைத் தனியாக வெட்டி எடுத்து, கூப்பிம் என்று பேர் வைத்து, மணிக்கணக்கில் தணலில் சுட்டு விருந்தில் பரிமாறுகிறார்கள். கொழுப்பும் சவ்வும் அடுக்கடுக்காக ஓடும் தசை அது, மெதுவாக வேகவைத்தால் கரைந்துவிடும்.

வாகியூ, ஆங்கஸ் கறி ஏன் அவ்வளவு விலை?

தசைக்குள்ளேயே நூல் நூலாக ஓடும் கொழுப்புக்காக. வாகியூ எனப்படும் ஜப்பானியக் கறுப்பு மாடு இதில் உச்சம். அங்கே அந்தக் கொழுப்பை மட்டும் 1 முதல் 12 வரை எண் போட்டு மதிப்பிடுகிறார்கள். அதன் கொழுப்பு குறைந்த சூட்டிலேயே உருகும், நாக்கில் பட்டதும் தெரியும். ஆங்கஸ் என்ற ஐரோப்பியக் கறிமாடு அதற்கு அடுத்த படி. பெல்ஜிய நீல மாடு இதற்கு நேர் எதிர். மயோஸ்டாட்டின் என்ற மரபணு பழுதாகித் தசை இரட்டிப்பாக வளர்ந்த மாடு. கொழுப்பே இல்லை, ஆனால் சவ்வும் குறைவு என்பதால் மிருதுவாக இருக்கும். கன்று பெரியதாக இருப்பதால் வயிற்றைக் கிழித்தே ஈன வைக்கிறார்கள். ஒரு மருத்துவராக அதை என்னால் ரசிக்க முடியவில்லை.

நம் பால்பண்ணைகளில் நிற்கும் ஜெர்சிக் கலப்பின மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். பசும்புல்லில் உள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி கொழுப்பில் தங்குவதுதான் காரணம், மஞ்சள் காமாலை இல்லை. இதற்காகக் கறியைத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் வாங்கும் மாட்டுக்கறி கடினமாக இருப்பதும் திமிலால்தானா?

கொஞ்சம்தான். பெரிய காரணம் வயது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயது கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாட்டுக்கே பொதுவாக அறுப்புச் சான்று தர முடியும். குணமாகாத ஊனமோ நோயோ இருந்தால் அது தனி. ஆக நம் இலையில் விழுவது பத்து வருடம் ஏர் இழுத்த, வண்டி இழுத்த தசை. தசையைச் சுற்றியிருக்கும் சவ்வு கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. இளங்கன்றில் அந்த இழைகள் தனித்தனியாக இருக்கும், சூடு பட்டதும் கரைந்துவிடும். வயதாக ஆக இழைக்கு இழை முடிச்சு விழுந்துகொண்டே போகும். கொலாஜனின் அளவு பெரிதாகக் கூடுவதில்லை, முடிச்சுத்தான் கூடுகிறது. அந்த முடிச்சு அவிழ நேரமும் ஈரமும் சூடும் வேண்டும். குக்கரில் விசில் எண்ணிக்கை கூடுவது அதனால்தான்.

காங்கேயம் காளையை எடுத்துக்கொண்டு ஆங்கஸ் மாதிரி இல்லையே என்று குறைசொல்வது நியாயமில்லை. கலப்பை இழுக்க வளர்த்த மாடு அது. பதினெட்டு மாதத்தில் அறுக்க வளர்த்த மாட்டோடு அதை ஒப்பிடவே கூடாது.

முரட்டு மாட்டின் கறி கடினமாக இருக்கும் என்பது வெறும் பேச்சா?

பேச்சு இல்லை, அளந்து பார்த்தது. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற விலங்கியல் அறிஞரும் உடன் வேலை செய்தவர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், எடைபோடும் கூண்டுக்குள் நிற்கும்போது மாடு எவ்வளவு திமிறுகிறது என்று மதிப்பெண் போட்டார்கள். இந்திய ரத்தம் கலந்த மாடுகளில் மிகவும் திமிறியவற்றின் கறி கடினமாகவும், கறுத்துப்போகும் விளிம்பில் அதிகமாகவும் இருந்தது. ஆஸ்திரேலியாவில் கூண்டுக் கதவைத் திறந்ததும் மாடு ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். வெறித்து ஓடும் குணம் ஓரளவு பரம்பரையாகவே வருகிறது, கறியின் மிருதுவோடும் அதற்குத் தொடர்பு இருக்கிறது. இனமும் பயமும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

நம் பக்கத்தில் பர்கூர் மலை மாட்டைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். காட்டில் பட்டி போட்டு மேய்க்கும் மாடு. தன்னை மேய்ப்பவரின் குரலுக்குக் கன்றுக்குட்டி போல வரும், அந்நியர் கை பட்டால் சீறும். அதே மாட்டைச் சந்தையில் ஐந்து பேர் கயிறு போட்டு இழுத்தால் அதன் ரத்தத்தில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். குணத்தை ஒரு நாளில் மாற்ற முடியாது, ஆனால் கன்றிலிருந்தே தடவிக் கொடுத்து, மனிதர் நடமாட்டத்துக்குப் பழக்கிய மாடு அன்றைக்கு இவ்வளவு மிரளாது.

லாரியில் எத்தனை மாடு ஏற்றலாம்?

1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி சாதாரணச் சரக்கு வண்டியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் சான்று தர வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் கேரளச் சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு நடப்பு என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நெருக்கி ஏற்றினால் மாடுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு விழாமல் வரும் என்று டிரைவர்கள் சத்தியம் செய்வார்கள். ஒன்று விழுந்துவிட்டால் எழ இடமில்லாமல் மற்றவற்றின் காலடியில் கிடக்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒரு விடியலில் அப்படி வந்த லாரியின் பின்பலகையைத் திறந்தபோது அடியில் ஒரு செவலைக் காளை கிடந்தது. எழுப்புவதற்கு வாலை முறுக்கினார்கள். எழவில்லை. ஒருவர் மடியிலிருந்து மிளகாய்ப் பொட்டலத்தை எடுத்தார், கண்ணில் தேய்ப்பதற்கு. நான் கையைப் பிடித்தேன். அந்தக் காளையைப் பிறகு அறுத்துத் தோலை உரித்தபோது வலது விலாவும் தொடையும் முழுக்கக் கன்றிப்போய், ரத்தம் கட்டி, ஜெல்லி மாதிரி நின்றது. அந்தக் கறியை வெட்டி எறியத்தான் முடிந்தது. மிச்சமிருந்த தொடை மறுநாளும் கறுப்புத்தான். அதை விற்றவர் "கிழட்டு மாடு, வேறெப்படி இருக்கும்" என்றார். அந்த வார்த்தை இன்னும் எனக்கு ஆறவில்லை.

கொம்புள்ள மாடுகளை ஒன்றாக ஏற்றினால் கன்றல் காயம் கூடும். பழக்கமில்லாத மாடுகளை, அதிலும் காளைகளை, ஒரே அடைப்பில் விட்டால் யார் பெரியவன் என்று தீர்மானிக்க ராத்திரி முழுக்க முட்டும், மேலே தாவும். தசைச் சர்க்கரையைத் தீர்க்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை. ஆஸ்திரேலிய முறையில் அனுப்புவதற்கு முந்தைய 14 நாளில் வெவ்வேறு மந்தைகளைக் கலக்கக் கூடாது என்கிறார்கள். அங்கே பிஎச் 5.71ஐத் தொட்டுவிட்டால் எந்த இனமானாலும் அந்தத் தர முத்திரை கிடையாது.

கடைசிக் கால் மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

நிறைய. 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், அறுப்புக்குக் கால் மணி நேரம் முன்னால் மின்சாரக் குச்சியால் குத்தி ஓட்டிய மாட்டின் கறியைச் சாப்பிட்டவர்கள் கடினம் என்று சொன்னார்கள். நிறம் கறுக்கவில்லை, பிஎச் அளவிலும் குற்றம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கெடுதல் அது.

குத்தித்தான் ஓட்ட வேண்டுமா என்றால், வேண்டாம். மாடு நகராமல் நிற்பதற்குக் காரணம் பிடிவாதம் இல்லை, ஏதோ ஒன்றைப் பார்த்துப் பயப்படுகிறது. மாட்டுக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய சுற்றிலும் கண் தெரியும், ஆழம்தான் சட்டென்று பிடிபடாது. தரையில் விழுந்த நிழல் அதற்குப் பள்ளம். எங்கள் கூடத்தில் ஒரு நாள் வரிசையில் வந்த எல்லா மாடும் ஒரே இடத்தில் முன்னங்காலை ஊன்றி நின்றன. ஆட்கள் குச்சியைத் தேடினார்கள். நான் மாட்டின் தலை உயரத்துக்குக் குனிந்து, அது பார்க்கும் திசையில் பார்த்தேன். தேங்கிய தண்ணீரில் டியூப் லைட் பளபளத்தது. ஒரு கூடை மணலை வாரிப் போட்டோம். அடுத்த மாடு தலையைத் தாழ்த்தி மோப்பம் பிடித்துவிட்டுத் தானே நடந்து போனது.

கிராண்டின் உலகுக்குச் சொன்னதும் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். ஆடும் சங்கிலியை எடுங்கள், தொங்கும் சட்டையை எடுங்கள், இருட்டிலிருந்து வெளிச்சம் பார்த்து நடக்க விடுங்கள், கூச்சல் போடாதீர்கள். நூறு மாட்டில் மூன்றுக்கு மேல் கத்தினால் அந்தக் கூடத்தில் ஏதோ தவறு என்று எண்ணிப் பார்க்கும் வழியையும் அவர் கொடுத்தார். நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள் ஒரு மாட்டின் கண்ணெதிரில் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்கின்றன. இதைக் கடைப்பிடிக்க ஒரு தடுப்புச் சுவர் போதும்.

மயக்கமூட்டி அறுத்தால் ரத்தம் சரியாக வடியாது, கறி கெட்டுவிடும் என்கிறார்களே?

இல்லை. எந்த முறையில் அறுத்தாலும் உடம்பிலுள்ள ரத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் வெளியே வரும். மிச்சம் பெரும்பாலும் உள்ளுறுப்புகளில் தங்கும், தசையில் மிகக் கொஞ்சம். நியூசிலாந்தில் ஹலால் முறையிலேயே தலையில் மட்டும் மின்சாரம் பாய்ச்சி, திரும்ப விழித்தெழக்கூடிய மயக்கம் கொடுத்து அறுக்கிறார்கள். தரத்தைக் கெடுப்பது அறுப்பதற்கு முந்தைய நிமிடங்கள். நான்கு காலையும் கட்டித் தரையில் சாய்த்து, மேலே ஆள் உட்கார்ந்து, கத்தி வர நேரமாகும்போது மாடு படும் பாடுதான் தசையில் ஏறுகிறது. கத்தி கூராக, ஆள் கைதேர்ந்தவராக, மாடு நின்றபடி பிடிபட்டிருந்தால் பாதிச் சிக்கல் இல்லை.

பாக்கெட்டில் தேங்கும் சிவப்பு நீர் ரத்தம்தானே?

ரத்தம் இல்லை. தசை நீரில் மயோகுளோபின் கரைந்தது.

எருமைக்கறி எப்போதும் கறுப்பாகத்தானே இருக்கிறது?

ஆமாம், அதற்கு மயோகுளோபின் அதிகம். கறுப்பை வைத்து எருமைக்கறியைச் சந்தேகப்படக் கூடாது. கொழுப்பைப் பாருங்கள், வெள்ளை வெளேரென்று இருக்கும், ஏனென்றால் எருமை கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும். இந்தியாவிலிருந்து கப்பலேறி வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகும் கறி எருமைக்கறிதான். அலைக்கழிப்பு விஷயத்தில் எருமைக்கும் மாட்டுக்கும் வேறுபாடு இல்லை. வெயில் மட்டும் எருமையை இன்னும் சீக்கிரம் வாட்டும். கறுத்த தோல், குறைவான வியர்வை. ஏற்றுவதற்கு முன்னும் இறக்கியபின்னும் மேலே தண்ணீர் ஊற்றுங்கள்.

நாங்கள் அன்றே வாங்கி அன்றே குக்கரில் வேகவைக்கிறோம். இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

நியாயமான கேள்வி. இரண்டு வாரம் குளிரில் தொங்கவிட்டு வாட்டித் தின்னும் நாட்டில் கால்பெய்ன் கணக்கு பெரிது. நம் வீட்டில் மிளகும் இஞ்சியும் போட்டு மணிக்கணக்கில் வேகும் குழம்பில் அந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிடும். இனத்தால் வரும் கடினத்தைக் குக்கர் தீர்த்துவிடும் என்பது சரி.

அலைக்கழிப்பால் வருவதை அது முழுக்கத் தீர்க்காது. சப்பென்ற கறியில் மசாலா பிடிக்காது. வெயில் நேரத்தில் கடையில் தொங்கும் கறுத்த கறி மதியத்துக்குள்ளேயே கெடத் தொடங்கும். கன்றிப்போன இடத்துக் கறியில் கிருமி இன்னும் வேகமாக வளரும். இன்னொரு கண்ணி இருக்கிறது. அறுத்துச் சில மணி நேரத்துக்குள் சமைத்தால், தசை விறைப்பதற்கு முன் என்பதால், மிருதுவாகவே இருக்கும். காலை ஏழுக்கு வாங்கியதை அப்படியே ஃப்ரீசரில் தள்ளினால்தான் கெடுதல். விறைப்பு வருவதற்கு முன் சட்டென்று குளிர்ந்த தசை சுருங்கிக் கல்லாகும். அன்றே சமைக்காவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வைத்து ஒரு ராத்திரி விடுங்கள், மறுநாள் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள்.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

காலையிலேயே போனால் நிறம் ஏமாற்றும், எல்லாமே கறுப்பாகத் தெரியும். வாடையையும் கன்றலையும் பாருங்கள். ரத்தம் கட்டிய இடத்தை வெட்டி நீக்கச் சொல்லுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆன கறி என்றால் ஒரு துண்டு வெட்டிக் காற்றில் கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லிப் பாருங்கள். சிவந்தால் நல்லது. சிவக்காமல் கையில் ஒட்டினால் தூக்கி எறிய வேண்டியதில்லை. அன்றே, உடனே சமையுங்கள். உப்புக்கண்டத்துக்கோ சேமிப்புக்கோ எடுக்காதீர்கள்.

மாடு விற்கும் நான் என்ன செய்ய முடியும்?

விற்பதற்கு முந்தைய மாதம் தீனியைக் குறைக்காதீர்கள். விற்கப்போகிற மாடுதானே என்று வைக்கோலை மட்டும் போடும் வழக்கம்தான் சேமிப்பை முதலில் கரைக்கிறது. சோளமும் தவிடும் பிண்ணாக்கும் கொஞ்சம் கொடுத்தால் தசையில் சர்க்கரை நிற்கும். சேர்ந்து வளர்ந்த மாடுகளைச் சேர்த்தே அனுப்புங்கள். வெயில் ஏறுவதற்கு முன் ஏற்றுங்கள். லாரியின் பலகை சரிவாக, வழுக்காமல், மண்ணோ வைக்கோலோ போட்டதாக இருக்கட்டும். தண்ணீர் காட்டிய பின் ஏற்றச் சொல்லுங்கள். ஏறும்போது பின்னால் நின்று அடிக்காமல், தோளுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் நின்று ஒரு அடி நகருங்கள், மாடு முன்னால் போகும். தோளுக்கு முன்னால் போனால் அது பின்வாங்கும்.

தரகர் துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை முடித்த பிறகு, கயிறு கைமாறுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: எத்தனை மாட்டோடு, எந்த வண்டியில், எத்தனை மணிக்கு? பதில் பிடிக்காவிட்டால் மாட்டைத் திரும்பக் கூட்டி வாருங்கள். அடுத்த வாரமும் சந்தை கூடும்.